ரோமர் எண்ணிய நான்காம் ஆண்டு

திங்கட்கிழமையன்று "இன்றைக்கு எட்டாம் நாள் வாருங்கள்" என்று சொல்லி, அடுத்த திங்கட்கிழமையையே மனத்திற்கொள்ளும் தமிழருக்குப் பண்டைய ரோமாபுரியின் நாட்கணக்கு அந்நியமாகத் தோன்றாது. எண்ணத் தொடங்கும் தினத்தையும் எண்ணி முடிக்கும் தினத்தையும் ஒருங்கே சேர்த்துக்கொள்வதே ரோமருடைய சம்பிரதாயமும். அந்தச் சம்பிரதாயம் ஒரு சாம்ராஜ்யத்தின் பஞ்சாங்கத்தையே பிறழச் செய்த விருத்தாந்தம் வெகு சுவாரஸ்யமானது.

தேதிகளை ஒன்று, இரண்டு என்று முன்னோக்கி எண்ணிச் செல்லும் பழக்கம் ரோமருக்கு இருந்ததில்லை. மாதப் பிறப்பாகிய கலெண்டே, 5 அல்லது 7-ஆம் தேதியில் வரும் நோனே, 13 அல்லது 15-ஆம் தேதியில் வரும் ஈடுஸ் என்னும் மூன்று தினங்களை நிலையாகக் கொண்டு, இடைப்பட்ட நாள் ஒவ்வொன்றையும், அடுத்து வரவிருக்கும் நிலைநாளுக்கு முன் எத்தனையாவது நாள் என்றே அவர்கள் குறித்தனர். ஜனவரி 30 அவர்களுக்குப் பிப்ரவரிக் கலெண்டேக்கு முன் மூன்றாம் நாள். முப்பது, முப்பத்தொன்று, ஒன்று என விரல் மடக்கினால் மூன்று வரும், நாம் கழித்துப் பார்த்தாலோ இரண்டே. கிராமத்தார் விளைபொருளோடு நகருக்கு வரும் சந்தையின் பெயரும் 'ஒன்பதாம் நாள்' என்ற கருத்தில் அமைந்தது. ஆனால் இத்தாலியின் ஆன்ட்சியோவில் அகப்பட்ட குடியரசுக் காலத்துச் சுவர்ப் பஞ்சாங்கத்தில், நாட்களுக்கு எதிரே ஏ முதல் எச் வரையுள்ள எட்டு எழுத்துகளே மீண்டும் மீண்டும் தீட்டப்பட்டிருக்கின்றன. எல்லோரும் ஒரே விதமாய் எண்ணியதால் சந்தைக்குப் போக யாரும் தவறவில்லை.

சங்கடம் ஜூலியஸ் சீசரின் சீர்திருத்தத்தோடு வந்தது. அலெக்சாந்திரியாவின் சோசிஜெனிஸ் என்னும் வானநூற் பண்டிதரின் ஆலோசனைப்படி, கி.மு. 46-ஐ 445 நாட்களாக நீட்டிப் பருவங்களோடு பொருத்திய பின், மறு ஆண்டு முதல் வருஷத்துக்கு 365 நாள் என்றும், நான்காம் ஆண்டுதோறும் பிப்ரவரி 24-ஐ இருமுறை எண்ணி ஒரு நாளைக் கூட்டுவதென்றும் அவர் விதித்தார். கி.மு. 44 மார்ச்சில் அவர் கொலையுண்டார். 'நான்காம் ஆண்டு' எதுவென்று கேட்டறிய ஆள் இல்லை. நாள் கூட்டிய ஆண்டையே, பஞ்சாங்கப் பொறுப்புடைய புரோகிதர் அடுத்த நான்கில் முதலாவதாக எண்ணினர். மூன்றாண்டுக்கு ஒருமுறை நாள் கூடிற்று. நான்காம் ஆண்டு முடிந்தபின் சேர்க்கவேண்டியதை அது தொடங்கும்போதே சேர்த்துவிட்டனர் என்று பிற்கால ரோம எழுத்தாளர் மக்ரோபியஸ் விளக்குகிறார். 36 ஆண்டுகளில் 9 நாள் கூடவேண்டிய இடத்தில் 12 கூடின.

அப்புரோகிதரை மூடர் என்று பழிப்பது அநியாயம் என்பேன். தாயின் மடியில் கற்ற எண்ணிக்கையை, சந்தையிலும் நியாயஸ்தலத்திலும் வழங்கிய எண்ணிக்கையை, விதியிலும் அவர்கள் பிரயோகித்தார்கள்; சாதாரணப் பேச்சு வழக்கைச் சாஸ்திரக் கணக்குக்கு வாகனமாக்கியவர், அதன் இருபொருளைத் தெளிவுபடுத்தாமற்போனதே குற்றம். கி.மு. 12-இல் தலைமைப் புரோகிதராகப் பதவியேற்ற பேரரசர் அகஸ்டஸ், 12 ஆண்டுகள் நாள் கூட்டலை நிறுத்திவைத்து, மிகுந்த மூன்று நாளும் கரைந்தபின் விதியைச் செம்மைப்படுத்தி வெண்கலத் தகட்டில் பொறிக்கச் செய்தார். அறிஞர் பெரும்பாலோர் கொள்கையின்படி, கி.பி. 8 முதற்கொண்டே, சீசர் மாண்டு அரை நூற்றாண்டு கழிந்த பின், அவர் கருதிய நான்காம் ஆண்டு ஒழுங்காக வரலாயிற்று.