வீட்டுப் பிரசவம் பாதுகாப்பானதா?: யூடியூப் தலைப்புகளில் மறைந்துபோன கேள்விகள்

சனத்நகர் (ஹைதராபாத்): வீட்டில் பிரசவம் பார்ப்பது குறித்த விவாதம் ஓர் உயிரிழப்புக்குப் பின் எழுவதும், சில நாட்களில் அடங்குவதும் வழக்கமாகிவிட்டது. தமிழ்நாட்டில் அது பெரிதாக வெடித்தது 2018-ஆம் ஆண்டில். அவ்வாண்டு ஜூலை 22 அன்று திருப்பூரில் பெண் ஒருவர் வீட்டிலேயே குழந்தை பெற்ற பின், அதிக ரத்தப்போக்கால் உயிரிழந்தார். யூடியூப் காணொளிகளைப் பார்த்து பிரசவம் பார்க்கப்பட்டதாகத் தகவல் வெளியானது. கணவர் கைது செய்யப்பட்டார். ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், வீட்டுப் பிரசவப் பயிற்சிக்கு விளம்பரம் செய்த ஹீலர் பாஸ்கரை கோவை போலீசார் கைது செய்தனர்.

அதன் பின் வந்த செய்திகளில் யூடியூபே முதன்மை இடம் பிடித்தது. தொலைக்காட்சி விவாதங்கள் மரபு மருத்துவமா, ஆங்கில மருத்துவமா என்ற பட்டிமன்றமாக மாறின. காணொளி வழிகாட்டுதலில் பிரசவம் பார்க்கும் காட்சியை 2012-இல் வெளியான 'நண்பன்' திரைப்படத்தில் ரசித்தவர்கள் நாம் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. ஆனால், அந்தத் தாய் எதனால் இறந்தார் என்பதை விளக்க அதிக இடம் ஒதுக்கப்படவில்லை.

ஆபத்து எங்கே?:

குழந்தை பிறந்ததும் பிரசவம் முடிந்துவிடுவதில்லை. நஞ்சுக்கொடி பிரிந்து வெளியேறி, கருப்பை இறுகிச் சுருங்கினால்தான் ரத்தக் குழாய்கள் அடைபடும். கருப்பை சுருங்காவிட்டாலோ, நஞ்சின் ஒரு பகுதி உள்ளே தங்கிவிட்டாலோ ரத்தப்போக்கு நிற்காது. 500 மில்லி லிட்டர் அல்லது அதற்கு மேல் ரத்தம் வெளியேறினால் மருத்துவர்கள் அதை ஆபத்தாகக் கருதுகின்றனர். இதைத் தடுக்கவே குழந்தை பிறந்தவுடன் ஆக்ஸிடோசின் ஊசி 10 யூனிட் அளவில் செலுத்தப்படுகிறது. காணொளியில் எத்தனை தெளிவாகச் சொன்னாலும் ஊசியும் மாற்று ரத்தமும் வீட்டில் இருக்காது. ரத்தசோகை உள்ள தாய்க்குக் குறைந்த இழப்பே பேரிழப்பு. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கும், தெலங்கானாவில் 53.2 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை உள்ளது.

வீட்டுப் பிரசவத்தை ஆதரிப்போர் பெரும்பாலும் மேலை நாடுகளைச் சுட்டுகின்றனர். இங்கிலாந்தில் சுமார் 64,500 பெண்களிடம் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வு அவர்களுக்கு ஓரளவு துணை நிற்கிறது. சிக்கல் இல்லாத, இரண்டாவது அல்லது அதற்குப் பிந்தைய பிரசவத்தில் குழந்தைக்கான ஆபத்து வீட்டிலும் மருத்துவமனையிலும் ஏறக்குறைய ஒன்றே. முதல் பிரசவத்திலோ 1,000-க்கு 5.3 ஆக இருந்த பாதிப்பு, வீட்டில் 9.3 ஆக உயர்ந்தது. 45 சதவீதம் பேர் பாதியிலேயே மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர். அங்கே வீட்டுக்கு வருபவர் உரிமம் பெற்ற மருத்துவச்சி. அழைத்தால் ஆம்புலன்ஸும் வரும். யாருமின்றி நடக்கும் பிரசவத்தையும் இதையும் ஒரே சொல்லால் குறிப்பதில்தான் நம் செய்திகள் தடுமாறுகின்றன.

மருத்துவமனை அருகில் இருந்தும்:

இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அமைந்துள்ள சனத்நகர் போன்ற நகர்ப் பகுதிகளில் தூரம் ஒரு காரணமே அல்ல. தெலங்கானாவில் 97 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடைபெறுகின்றன. ஆனால், அம்மாநிலத்தில் 60.7 சதவீதக் குழந்தைகள் அறுவை சிகிச்சை மூலம் பிறப்பதாக அதே ஆய்வு கூறுகிறது. தனியார் மருத்துவமனைகளில் இது 81.5 சதவீதம். தமிழ்நாட்டின் மொத்த அளவு 44.9. 'கத்தி வைத்துவிடுவார்கள்' என்ற அச்சத்தை வெறும் மூடநம்பிக்கை என ஒதுக்கிவிட முடியாது. வீட்டுப் பிரசவப் பிரசாரம் வேரூன்றுவது இந்த அச்சத்தில்தான். கைது நடவடிக்கைகள் அதைத் தொடுவதில்லை.

கேரளத்தின் மலப்புரத்தில் 2025 ஏப்ரலில், ஐந்தாவது குழந்தையை வீட்டில் பெற்ற பெண் ரத்தப்போக்கால் உயிரிழந்தார். கணவர் யூடியூபர் என்பதே அப்போதும் பல தலைப்புகளில் முந்தி நின்றது.

இயல்பான பிரசவத்தை மருத்துவமனைக்குள்ளேயே சாத்தியமாக்க, செவிலியர்களுக்கு 18 மாத மருத்துவச்சிப் பயிற்சி அளிக்கும் வழிகாட்டுதலை மத்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்டது. தெலங்கானா அரசு அதற்கு முந்தைய ஆண்டே இத்தகைய பயிற்சியைத் தொடங்கியிருந்தது. வீட்டில் குழந்தை பிறந்தால் 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். தகவல் தரும் பொறுப்பு குடும்பத் தலைவருடையது.