வைரஸ் வந்த வழி: கேமிங் லேப்டாப் வாங்கும் வீட்டாருக்கு



கல்லூரி திறக்கும் நாள் நெருங்கினால் என் செல்போனுக்கு ஒரே மாதிரி கேள்வி வந்துகொண்டே இருக்கும். "சார், பையனுக்கு கேமிங் லேப்டாப் எடுத்திருக்கோம். எந்த ஆன்டிவைரஸ் போடலாம்?" எண்பதாயிரம், ஒரு லட்சம் என்று தவணையில் எடுத்த பொருள். கவலைப்படுவது நியாயம்தான். நான் கணினி ஆசிரியன் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன். ஆனாலும் ஒரு பொருளின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும் என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இதற்கும் அதுவே பொருந்தும். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் லாகூருக்குப் போவோம். ஐ.பி.எம். பாணிக் கணினிகளில் பரவிய முதல் வைரஸ் என்று பதிவாகியிருப்பது 'பிரெயின்'. ஆண்டு 1986. எழுதியவர்கள் லாகூரில் கணினிக் கடை வைத்திருந்த பாசித், அம்ஜத் என்ற சகோதரர்கள். தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைப் பிறர் காசு கொடுக்காமல் நகலெடுப்பதைக் கண்டறியவே இதைச் செய்ததாகச் சொன்னார்கள். வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள். ஒளிந்து கொள்ளும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. பிளாப்பி கைமாறிக் கைமாறி அது அமெரிக்கா வரை போய்ச் சேர்ந்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். காசு கொடுக்காமல் எடுத்த நகலோடு சேர்ந்துதான் வைரஸ் பயணப்பட்டது. இந்த இடத்துக்குப் பிறகு திரும்ப வருவோம்.

நோய் வந்தால் மருந்தும் வரும். நம் சென்னையில் 1991இல் ஜெ. கேசவர்த்தனன் 'கே7 கம்ப்யூட்டிங்' நிறுவனத்தைத் தொடங்கினார். சென்னையில் எழுதிய அந்த மென்பொருள் ஜப்பான் வரை விற்பனைக்குப் போனது. புனேயில் கைலாஷ் கட்கர் கால்குலேட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். பழுதுக்கு வந்த கணினிகளில் வைரஸ் தொல்லை இருப்பதைப் பார்த்து, கணினி படித்த தம்பி சஞ்சயை அதற்கு மருந்து எழுதச் சொன்னார். அதுதான் 1990களின் நடுவில் 'குயிக் ஹீல்' ஆனது. கால்குலேட்டர் கடையில் தொடங்கிய அந்த நிறுவனம் 2016இல் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. ஆன்டிவைரஸ் என்றால் அமெரிக்கச் சரக்கு என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அந்தக் கால ஆன்டிவைரஸ் எப்படி வேலை செய்தது? காவல் நிலையத்தில் பழைய குற்றவாளிகளின் படத்தை ஒட்டி வைத்திருப்பார்கள் இல்லையா, அதே முறைதான். தெரிந்த வைரஸ்களின் அடையாளப் பட்டியல் ஒன்று அதனிடம் இருக்கும். ஒவ்வொரு கோப்பையும் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பட்டியலில் இல்லாத புதுத் திருடன் வந்தால் விட்டுவிடும். அதனால்தான் 'அப்டேட், அப்டேட்' என்று கேட்டுக்கொண்டே இருந்தது. இப்போதைய மென்பொருள்கள் முகத்தோடு நடத்தையையும் பார்க்கின்றன. ஒரு புரோகிராம் திடீரென்று எல்லாக் கோப்புகளையும் மாற்றி எழுதத் தொடங்கினால், அதன் பெயர் தெரியாவிட்டாலும் தடுக்கப் பார்க்கும்.

பயத்தை விற்பதும் அப்போதே தொடங்கிவிட்டது. 1992 மார்ச் 6 அன்று 'மைக்கேலேஞ்சலோ' வைரஸ் லட்சக்கணக்கான கணினிகளை அழிக்கப் போகிறது என்று உலகெங்கும் பத்திரிகைகள் எழுதின. அந்த நாள் வந்தது, போனது. சில ஆயிரம் கணினிகள்தான் பாதிக்கப்பட்டன. ஆன்டிவைரஸ் விற்பனை மட்டும் அமோகம்.

ஆனால் எல்லாமே வெறும் பயம் இல்லை. தைவானில் சென் இங்-ஹாவ் என்ற மாணவர் எழுதிய 'சி.ஐ.எச்.' வைரஸ் 1999 ஏப்ரல் 26 அன்று நிஜமாகவே அடித்தது. ஹார்ட் டிஸ்கில் இருந்ததை அழித்ததோடு, கணினியைத் தொடக்கி வைக்கும் பயாஸ் சிப்பையும் சில கணினிகளில் கெடுத்தது. அப்படிக் கெட்டவற்றில் சிப்பையோ போர்டையோ மாற்ற வேண்டியிருந்தது. கேமிங் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: 1998இல் 'சின்' என்ற விளையாட்டின் மாதிரிப் பதிப்பு இறக்கத்துக்கு வைக்கப்பட்டிருந்த ஒரு தளத்தில், அந்தப் பதிப்போடு இந்த வைரஸும் சேர்ந்தே கிடைத்தது. விளையாட்டு வழியாக வைரஸ் வருவது புதுக் கதை இல்லை.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். மதுரையில் ஜெராக்ஸ் கடைக்கும் பிரவுசிங் சென்டருக்கும் பென் டிரைவோடு போய் வந்தவர்களுக்கு நினைவிருக்கும். செருகியதும் 'நியூ ஃபோல்டர்' என்று ஒன்று முளைத்திருக்கும். பார்க்க ஃபோல்டர் போல இருக்கும். உண்மையில் அது புரோகிராம். திறந்தால் தீர்ந்தது. பென் டிரைவைச் செருகியதுமே எதையாவது தானாக ஓடவிடும் வசதி விண்டோஸில் இருந்தது, அதுவே வைரஸுக்கு நல்ல வழியாகப் போய்விட்டது. 2009இல் வந்த விண்டோஸ் 7இல் பென் டிரைவுக்கு அந்த வசதியை நிறுத்தினார்கள். 2011இல் பழைய விண்டோஸ்களுக்கும் நிறுத்தினார்கள். ஒரு கதவை மூடியதில் பெரும் தொல்லை குறைந்தது.

அதே 2011இல்தான் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து வீடுகளில் பலவற்றுக்கு முதல் கணினி அதுதான். உங்களில் சிலர் அதில் படித்துத்தான் இன்று பெங்களூரில் வேலை பார்க்கிறீர்கள்.

அடுத்த பாடம் 2017 மே 12. 'வான்னாக்ரை' வந்த நாள். கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாட்டின. ஆந்திராவில் காவல்துறைக் கணினிகளும் தப்பவில்லை. ஆனால் அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. அதைப் போட்டவர்கள் பிழைத்தார்கள். 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளி வைத்தவர்கள் மாட்டினார்கள்.

இனி இன்றைய நிலைமை. புது கேம் ஒன்று மூவாயிரம், நாலாயிரம் ரூபாய். பையன் என்ன செய்கிறான்? 'கிராக்' தேடுகிறான். கிடைத்த இடத்தில் முதல் குறிப்பே, 'நிறுவும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்' என்பதுதான். கிராக் என்பது பூட்டை உடைக்கும் கருவி, ஆகவே ஆன்டிவைரஸ் கத்தத்தான் செய்யும், பயப்படாதே என்று சமாதானமும் சொல்வார்கள். அந்தச் சமாதானத்துக்குப் பின்னால்தான் உண்மையான திருடன் நிற்கிறான்.

இன்றைய திருடன் கணினியைக் கெடுப்பதில்லை. சத்தமில்லாமல் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் 'குக்கி'களையும் அள்ளிக்கொண்டு போகிறான். குக்கி என்பது பொருட்காட்சியில் டிக்கெட் காட்டியபின் கையில் குத்தும் முத்திரை மாதிரி. அந்த முத்திரை இருந்தால் மறுபடி டிக்கெட் கேட்க மாட்டார்கள். அதைத் திருடியவன் பல கணக்குகளுக்குள் கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் இல்லாமலே நுழைந்துவிடுவான்.

என் பழைய மாணவர் ஒருவர் வீட்டில் இதுதான் நடந்தது. காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் லேப்டாப்பில் இருந்தது. கிராக் போடுவதற்காகப் பையன் அதை அரை மணி நேரம் அணைத்து வைத்தான். மூன்றாம் நாள் அவன் இன்ஸ்டாகிராம் கணக்கிலிருந்து உறவினர்களுக்கெல்லாம் 'அவசரம், பணம் வேண்டும்' என்று செய்தி போனது. அவன் அத்தை நம்பிப் பதினைந்தாயிரம் அனுப்பிவிட்டார். பணம் வரவில்லை. அதைவிட, இரண்டு குடும்பத்துக்கும் இடையே ஏற்பட்ட கசப்பு தீர மாதக் கணக்கில் ஆனது.

நாயக்கர் காலத்தில் மதுரைக்கு 72 கொத்தளங்களோடு கோட்டை இருந்தது. அத்தனை கொத்தளம் இருந்தும், உள்ளே இருப்பவனே வாசலைத் திறந்துவிட்டால் மதில் என்ன செய்யும்? லாகூரில் தொடங்கிய கதை நாற்பது வருடம் கழித்து அதே இடத்துக்கு வந்திருக்கிறது. அன்றும் இலவச நகல், இன்றும் இலவச நகல்.

சரி சார், எதைப் போடுவது என்கிறீர்களா?

1. புது லேப்டாப்பில் விண்டோஸோடு 'டிஃபெண்டர்' இருக்கிறது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் அது முழு ஆன்டிவைரஸ். அப்டேட்டைத் தள்ளிப் போடாத, கிராக் பக்கம் போகாத பிள்ளைக்கு இது போதும்.

2. கடையில் போட்டுக் கொடுக்கும் சோதனைப் பதிப்பு முப்பது நாளோ அறுபது நாளோதான். பணம் கட்டப் போவதில்லை என்றால் அதை முறையாக நீக்குங்கள். பிறகு 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து டிஃபெண்டர் ஓடுகிறதா என்று பாருங்கள்.

3. காசு கொடுத்து வாங்குவதானால் கடைக்காரர் சொல்வதை மட்டும் கேட்காதீர்கள். ஜெர்மனியின் 'ஏவி-டெஸ்ட்', ஆஸ்திரியாவின் 'ஏவி-கம்பேரட்டிவ்ஸ்' ஆகிய ஆய்வகங்கள் சோதனை முடிவுகளை இலவசமாக வெளியிடுகின்றன. பாதுகாப்பு மதிப்பெண்ணோடு, கணினியை எவ்வளவு மந்தமாக்குகிறது என்பதையும் பாருங்கள். கேமிங்குக்கு அது முக்கியம். விளையாடும்போது சோதனையைத் தள்ளி வைக்கும் 'கேம் மோட்' இருந்தால் நல்லது.

4. இலவசம் என்றதும் தாவ வேண்டாம். 'அவாஸ்ட்' நிறுவனம் பயனர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தை விற்ற விவகாரத்தில், 2024இல் அமெரிக்க வணிக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது.

5. ஒரே நேரத்தில் இரண்டு ஆன்டிவைரஸ் கூடாது. ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக்கொண்டு கணினியை முடக்கும்.

6. பையனுக்கு நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு திறந்து கொடுங்கள். உங்கள் வங்கி வேலையை அந்த லேப்டாப்பில் செய்யாதீர்கள். முக்கியப் படங்கள், புராஜெக்ட் எல்லாவற்றுக்கும் வெளியில் ஒரு நகல் வையுங்கள்.

7. பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையிடம் கோபப்படாமல் பேசுங்கள். பெரிய கேம்கள் தள்ளுபடியில் பாதி விலைக்கும் கீழே வரும். வருடத்துக்கு இரண்டு கேம் நீங்களே வாங்கிக் கொடுங்கள். திட்டுக்குப் பயந்தவன் தப்பு நடந்தால் மறைப்பான். உங்களிடம் முதலில் வந்து சொல்வான் என்றால், எந்த ஆன்டிவைரஸைவிடவும் அதுவே பெரிய காவல்.

கணினித் துறையில் இருக்கும் என் மாணவர்கள் இதில் கூட்ட வேண்டியது, திருத்த வேண்டியது இருந்தால் கருத்தில் எழுதுங்கள். மற்றவர்களுக்கும் பயன்படும்.