நஞ்சின் இலக்கும் அளவும்: நித்தியகல்யாணி ஆல்கலாய்டுகளின் வழியே புற்றுநோய் மருந்தாக்கம்

நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட செடி. சுடுகாட்டுமல்லி என்றும் இதற்குப் பெயருண்டு. ஆடுமாடுகள் இதில் வாய் வைப்பதில்லை. பெரியதாழைக் கடற்கரையை விட்டு உள்ளே சென்றால் சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கத்துச் செம்மணல் தேரிகள் தொடங்குகின்றன. தூத்துக்குடி, திருநெல்வேலி, ராமநாதபுரம் மாவட்டங்களின் இத்தகைய மணற்பாங்கான மானாவாரி நிலங்களில் இச்செடி மருந்துப் பயிராகச் சாகுபடி செய்யப்படுகிறது. ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலை பறிப்பு. ஓராண்டு முடிவில் செடியை வேரோடு எடுத்துவிடுவார்கள். இலையில் மிக நுண்ணிய அளவில் இருக்கும் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்னும் இரு ஆல்கலாய்டுகள் அறுபது ஆண்டுகளாகப் புற்றுநோய் சிகிச்சையில் உள்ளன. உயிரணுவைக் கொல்லும் பொருளைக் கண்டெடுப்பது மருந்தாக்கத்தில் எளிய பகுதி என்பதையும், அந்தக் கொல்லும் திறன் உடலில் எங்கே, எந்த அளவில் விழ வேண்டும் என்று வகுப்பதே நெடுங்கால உழைப்பு என்பதையும் இவற்றின் வரலாறு காட்டுகிறது.

கண்டுபிடிப்பு தற்செயலானது. 1952இல் ஜமைக்காவிலிருந்து இச்செடியின் சில இலைகள் கனடா மருத்துவர் ஒருவருக்கு வந்தன. ஜமைக்காவில் நீரிழிவுக்கு அவற்றைக் கொதிக்கவைத்துக் குடிப்பது வழக்கம். அவருடைய சகோதரர் ராபர்ட் நோபிள், மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் அவற்றைச் சோதித்தார். வாய்வழி கொடுத்த சாறு எலிகளின் இரத்தச் சர்க்கரையை அசைக்கவில்லை. ஊசி வழியே செலுத்தியபோது எலிகள் கிருமித் தொற்றால் இறந்தன. அவற்றின் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. வெள்ளணுக்களை அழிப்பது வெள்ளணுப் புற்றுநோயையும் அழிக்கக்கூடும் என்ற ஊகத்தில் நோபிளும் வேதியியலாளர் சார்லஸ் பீரும் தொடர்ந்து உழைத்து 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். அதே காலத்தில் எலி லில்லி நிறுவனத்தில் கோர்டன் ஸ்வோபோடாவின் குழு, வெள்ளணுப் புற்று ஏற்றிய சுண்டெலிகளில் இச்செடியின் சாறுகளைச் சோதித்து வந்தது. வின்கிரிஸ்டின் அங்கிருந்து வந்தது. 1963இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. தொடக்கமுதலே முழு விலங்கில் சோதனை நடந்ததால்தான் இந்த விளைவு கண்ணில் பட்டது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டும் செயல்படும் இடம் ஒன்றே. உயிரணு பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்லும் கதிர், டியூபுலின் என்னும் புரத அலகுகள் கோத்த நுண்குழல்களால் ஆனது. இந்த ஆல்கலாய்டுகள் டியூபுலின் அலகுகளுக்கு இடையே செருகிக்கொண்டு நுண்குழலின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. பிரியத் தொடங்கிய உயிரணு பாதியில் நின்று மடிகிறது. புற்றணுவுக்கு மட்டும் உரிய செயல் அல்ல இது. எலும்பு மஜ்ஜையும் இடைவிடாமல் பிரிந்துகொண்டிருக்கிறது. நரம்பணு பிரிவதில்லை என்றாலும் அதன் நீண்ட இழையில் சத்துகளைக் கடத்தும் தண்டவாளம் அதே நுண்குழல்தான்.

வடிவ மாற்றத்தின் விளைவு இங்கே தெளிவாகத் தெரிகிறது. ஏறத்தாழ 811 மூலக்கூறு எடையுள்ள வின்பிளாஸ்டினில், ஒரு நைட்ரஜன் அணுவில் மீதைல் தொகுதி உள்ளது. வின்கிரிஸ்டினில் அதே இடத்தில் ஃபார்மைல் தொகுதி: இரண்டு ஹைட்ரஜன் குறைவு, ஓர் ஆக்சிஜன் கூடுதல், மற்றதெல்லாம் அப்படியே. இவ்வளவு சிறிய வேறுபாட்டிலேயே நச்சின் இலக்கு மாறிவிடுகிறது. வின்பிளாஸ்டினின் அளவை எலும்பு மஜ்ஜை வரையறுக்கிறது. வின்கிரிஸ்டினின் அளவை நரம்புகள் வரையறுக்கின்றன. மஜ்ஜையை ஒப்பளவில் விட்டுவைப்பதால் மஜ்ஜையைத் தாக்கும் பிற மருந்துகளோடு வின்கிரிஸ்டினைச் சேர்த்துக் கொடுக்க முடிகிறது. குழந்தைகளின் தீவிர லிம்போசைட் இரத்தப் புற்றுக்கான கூட்டுச் சிகிச்சை இந்த வசதியின் மேல் எழுந்தது. சென்னைப் புற்றுநோய் நிலையம், மும்பை டாட்டா மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகியவை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு இணைந்து 1980களில் நடைமுறைப்படுத்திய எம்சிபி-841 சிகிச்சை முறையிலும் அது இருந்தது. ஒரு வேளைக்கு 2 மில்லிகிராம் என்ற வழக்கமான உச்சவரம்பு நரம்புச் சேதத்தின் பொருட்டே வந்தது.

அந்த 2 மில்லிகிராமும் எளிதில் கிடைப்பதில்லை. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ உலர் இலையும், ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கு ஏறத்தாழ 2,000 கிலோவும் தேவை என்று கணக்கிடப்படுகிறது. ஒரு வேளை வின்கிரிஸ்டினுக்கு 4 கிலோ இலை என்றாகிறது. இந்தத் தட்டுப்பாடே வேதியியலை முன்னே தள்ளியது. இலையில் தாராளமாகக் கிடைக்கும் கேத்தரன்தின், விண்டோலின் என்ற இரு பாதிகளின் இணைப்பே இந்தப் பெரிய மூலக்கூறுகள். பிரான்சின் ழிஃப் ஆய்வகத்தில் பியேர் போத்தியேயின் குழு, இரு பாதிகளையும் சரியான முப்பரிமாணக் கோணத்தில் இணைக்கும் முறையை 1970களின் நடுவில் கண்டது. அவ்வழியில், கேத்தரன்தின் பாதியின் வளையத்திலிருந்து ஒரு கார்பனை நீக்கிப் பெற்றதுதான் வினோரெல்பின். பிரான்சில் 1989இல் நுரையீரல் புற்றுக்கு ஒப்புதல் பெற்ற இம்மருந்தின் நரம்பு நச்சுத்தன்மை வின்கிரிஸ்டினைவிடக் குறைவு. 2022இல் விண்டோலினையும் கேத்தரன்தினையும் ஈஸ்ட்டில் உண்டாக்கி, ஆய்வகத்தில் இணைத்து வின்பிளாஸ்டினைப் பெற்றுக் காட்டியிருக்கிறார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இதற்கு இணையான கதை உண்டு. அமெரிக்க ஆய்வாளர்கள் வால், வானி ஆகியோர் சீன மரம் ஒன்றிலிருந்து 1966இல் அறிவித்த கேம்ப்டோதெசின் என்ற புற்றெதிர்ப்புப் பொருளை, சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக இருந்த டி. ஆர். கோவிந்தாச்சாரி, என். விஸ்வநாதனுடன் சேர்ந்து 1972இல் இம்மலைகளின் நோதபோடைட்டிஸ் மரத்தில் கண்டார். அதன் சோடியம் உப்பை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனைகள் சிறுநீர்ப்பையில் இரத்தக் கசிவு போன்ற கடும் நச்சு விளைவுகளால் கைவிடப்பட்டன. கால் நூற்றாண்டு கழித்து, நீரில் கரையும்படி மாற்றிய டோபோடெகன், இரினோடெகன் வடிவங்களில்தான் அது மருந்தானது.

இந்தப் பின்னணியில் இன்று கல்லூரி ஆய்வகங்களில் பெருகிவரும் ‘புற்றெதிர்ப்புச் செயல்’ அறிக்கைகளை மதிப்பிடலாம். வழக்கமான வரிசை இது: மூலிகைச் சாறோ புதிதாக ஆக்கிய சேர்மமோ, அதைக் கணினியில் ஒரு புரதத்தில் பொருத்திப் பார்ப்பது, பிறகு வளர்ப்பு உயிரணுக்களில் எம்டிடி சோதனை. அச்சோதனை உயிரணுவின் வளர்சிதை மாற்றத்தை ஊதா நிறத்தால் அளக்கிறது; சாவை நேரடியாக அளப்பதில்லை. ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் அந்த நிறமியைத் தாமாகவே ஒடுக்கிவிடக்கூடும். கணினிப் பொருத்த மதிப்பெண்ணோ ஓர் ஊகம். சேர்மம் உண்மையில் அப்புரதத்தைப் பற்றுகிறது என்பதற்குச் சான்றாகாது. பல்வேறு சோதனைகளில் பொய்யாகச் செயல் காட்டும் கட்டமைப்புகளை ஆய்வாளர்கள் பெய்லும் ஹாலோவேயும் 2010இல் தொகுத்தார்கள். மஞ்சளின் குர்குமின் அவ்வகையைச் சேர்ந்தது என்று 2017இல் ஒரு விரிவான மதிப்பாய்வு எச்சரித்தது. இயல்பான உயிரணுக்களில் அதே அளவு என்ன செய்கிறது, ஒப்பீட்டுக்கு வின்பிளாஸ்டின் போன்ற அறிந்த மருந்து வைக்கப்பட்டதா, சேர்மம் எவ்வளவு தூயது என்ற மூன்று கேள்விகளுக்கு விடையில்லாத அறிக்கையை மருந்தாக்கத்தின் முதல் படியாகக்கூடக் கொள்வது கடினம்.

முதல் படியைத் தாண்டினாலும் வடிகட்டல் ஓய்வதில்லை. வின்கா ஆல்கலாய்டுகள் எனப்படும் இந்த நித்தியகல்யாணி மருந்துகளைக் கல்லீரலின் சிப்3ஏ நொதிகள் சிதைக்கின்றன. இட்ரகோனசோல் என்ற பூஞ்சை மருந்து அந்நொதியைத் தடுப்பதால், சேர்த்துக் கொடுக்கப்பட்ட நோயாளிகளின் நரம்புகள் பழுதாகின்றன. புற்றணுவின் சவ்வில் உள்ள பி-கிளைகோபுரதம் உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடுகிறது. கிண்ணத்தில் வளரும் உயிரணுவுக்குக் கல்லீரல் இல்லை.

கடைசித் தீர்ப்பு மனிதச் சோதனையில்தான். வின்கா குடும்பத்தின் இளைய உறுப்பினரான வின்ஃபுளுனின், எளிதில் வினைபுரியாத ஒரு கார்பனில் இரண்டு ஃபுளோரின் அணுக்களைச் சூப்பர் அமிலத்தின் துணையால் ஏற்றிப் பெற்றது. வேதியியல் சாதனை என்றே அதைச் சொல்ல வேண்டும். பிளாட்டினம் சிகிச்சைக்குப் பிறகும் முற்றிய சிறுநீர்ப்பாதைப் புற்றுள்ள 370 பேரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில், அதைப் பெற்றவர்களின் இடைநிலை வாழ்நாள் 6.9 மாதம், ஆதரவுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 4.6 மாதம். சேர்க்கப்பட்ட அனைவரையும் கணக்கில் கொண்டபோது இந்த வேறுபாடு புள்ளியியல் முறையில் உறுதிப்படவில்லை. தகுதி விதிகளை மீறிச் சேர்ந்தவர்களை நீக்கிய பிறகே உறுதிப்பட்டது. ஐரோப்பா 2009இல் ஒப்புதல் அளித்தது. அமெரிக்காவில் அம்மருந்து ஒப்புதல் பெறவில்லை.