கேப்டன் எண்ணிட்டுப் போன ஆயிரம் பேர்



கூழ் ஊத்துற அன்னிக்கு நம்ம பெரியவங்க சொல்வாங்க, "நாமெல்லாம் ரப்பரோட வந்தவங்கப்பா"ன்னு. லாபு, ரந்தாவ், போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டங்களுக்கு அது சரிதான். ஆனா இந்த நாட்டுக்கு நம்ம ஆளுங்க அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே வந்துட்டாங்க. அதை எழுதி வச்சவர் ஒரு வெள்ளைக்காரக் கப்பல் கேப்டன்.

அவர் பேரு பிரான்சிஸ் லைட். இங்கிலாந்து கடற்படையில இருந்துட்டு, பிறகு மதராஸ் கம்பெனி ஒன்றுக்காகக் கப்பல் ஓட்டி, கெடாவிலும் புக்கெட்டிலும் வியாபாரம் செய்தவர். மலாய் நல்லா பேசுவார். சயாம் படையெடுப்புக்குப் பயந்திருந்த கெடா சுல்தானிடம் பேசி, 1786 ஆகஸ்ட் 11-ல் பினாங்கில் கொடி ஏத்தினார். சுல்தான் எதிர்பார்த்த படை உதவியைக் கிழக்கிந்தியக் கம்பெனி கடைசி வரை தரல. சுல்தான் தீவைத் திரும்பப் பிடிக்கப் பார்த்தும் முடியல. 1791-ல் வருஷத்துக்கு 6,000 ஸ்பானிய டாலர்னு ஒப்பந்தம் போட்டு முடிச்சாங்க. லைட் தீவை ஆண்டுகிட்டே சொந்த வியாபாரத்தையும் விடல.

1794-ல், தான் சாகுற வருஷம், தீவு மக்களைப் பத்தி அவர் ஓர் அறிக்கை எழுதினார். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவங்க சுமார் ஆயிரம் பேர் குடியிருக்காங்க, கடைக்காரங்களும் கூலிகளும். வருஷா வருஷம் கப்பல்ல 1,300 முதல் 2,000 பேர் வந்து, நாலு காசு சேர்த்துக்கிட்டு ஊர் திரும்புறாங்க என்பது அதன் சாரம். அவங்கள்ல தமிழ் முஸ்லிம்களும் உண்டு, இந்துக்களும் உண்டு. 1833-ல் குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயில் எழும்பியது அந்த வழியில்தான்.

இன்னொன்னு கவனிங்க. 1936-ல் பினாங்கில் லைட்டுக்குச் சிலை வச்சப்போ அவர் படமே கிடைக்கல. மகன் வில்லியம் முகத்தைப் பார்த்துச் செஞ்சாங்க. முகம் தெரியாதவருக்கே சிலை இருக்கு. அவர் எண்ணின ஆயிரம் பேருக்கோ பேர் கூட இல்ல, வெறும் எண்ணிக்கைதான்.

நம்ம தோட்டத்துக்கும் அந்த நிலை வரக்கூடாது. தோட்டம் கைமாறி, லயம் காலியாகிட்டா கேட்க ஆளிருக்காது. அதனால அடுத்த வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது உங்க தாத்தா பாட்டி பேரு, ஊரு, வந்த வருஷம், வேலை செஞ்ச தோட்டம், தெரிஞ்ச வரைக்கும் எழுதி எடுத்துட்டு வாங்க. பழைய திருவிழாப் படம், உபய ரசீது இருந்தாலும் கொண்டு வாங்க. கோயில் நோட்டுல நாங்களே பதிஞ்சு வைக்கிறோம்.

அம்மன் துணை.