இலியட் காவியத்தில் ஊழும் வீரர்களும்

இலியட், ஹோமர் பாடியதாகப் பண்டைக் கிரேக்கர் போற்றிய இரு பெருங்காவியங்களுள் ஒன்று. கி.மு. 8ஆம் நூற்றாண்டை ஒட்டி உருப்பெற்றிருக்கலாம் என்பது பல அறிஞர்களின் கணிப்பு. 24 காண்டங்களும் 15,000க்கு மேற்பட்ட அடிகளும் கொண்டது. பத்தாண்டு நீண்ட ட்ராய் போரின் இறுதிக் கட்டத்தில் சில வாரங்களில் நடப்பதை மட்டுமே அது எடுத்துக்கொள்கிறது. மரக்குதிரை இதில் வராது. ட்ராய் நகரம் எரிவதும், கிரேக்கரின் தலைமை வீரன் அக்கிலீஸ் சாவதும்கூட இதில் இல்லை. ஆனால் இரண்டும் நடந்தே தீரும் என்பது கேட்பவர்களுக்குத் தெரியும். கதைமாந்தரிலும் பலருக்குத் தெரியும். இக்காவியத்தின் அவலம் இந்த அறிவிலிருந்துதான் பிறக்கிறது.

ஒவ்வொருவருக்கும் பிறக்கும்போதே அளந்து வைக்கப்பட்ட பங்கைக் கிரேக்கர் மோய்ரா, அதாவது ஊழ், என்றனர். இலியட்டில் அது பெரும்பாலும் சாவையே சுட்டும். மூன்று சகோதரிகளாக ஊழைப் பெயர் சொல்லிக் காட்டுவது கவிஞர் ஹெசியட்டின் தியோகனி என்னும் நூல். இலியட்டில் அந்தப் பெயர்கள் இல்லை.

தேவர்களும் ஊழும்

ஊழை மீறத் தேவர்தலைவன் ஜீயஸால் முடியுமா? 16ஆம் காண்டம் இதை நேரடியாகவே எழுப்புகிறது. ஜீயஸின் மகனும் லிசிய நாட்டு அரசனுமான சர்ப்பிடான், அக்கிலீஸின் நண்பன் பட்ரோக்ளஸின் கையால் சாகப்போகிறான். அவனைப் போர்க்களத்திலிருந்து உயிரோடு தூக்கிச் சென்றுவிடலாமா என்று தகப்பன் தயங்குகிறான். மனைவி ஹீரா சொல்லும் மறுமொழி கவனிக்கத்தக்கது. உன்னால் முடியாது என்று அவள் சொல்வதில்லை. வேண்டுமானால் செய், ஆனால் மற்ற தேவர்கள் ஒப்பமாட்டோம், இங்கே போரிடும் தேவபுத்திரர்கள் பலர், நாளை ஒவ்வொருவரும் தன் பிள்ளையைக் காப்பாற்றக் கிளம்புவார்கள் என்கிறாள். ஜீயஸ் பணிகிறான், மகனுக்காக மண்ணில் இரத்த மழை பெய்விக்கிறான். உறக்கமும் சாவும் இரட்டையராக வந்து உடலை லிசியாவுக்கு எடுத்துச் செல்கின்றன. ஓவியர் யூஃப்ரோனியஸ் கி.மு. 515 அளவில் இக்காட்சியை ஒரு மதுக்கலயத்தில் வரைந்தார். நெடுங்காலம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருந்த அக்கலயம் 2008இல் இத்தாலிக்குத் திருப்பித் தரப்பட்டது.

ஆக, ஹோமரிடத்தில் ஊழ் என்பது தேவர்களையும் கட்டிப்போடும் இரும்புச் சட்டம் என்று சொல்வது மிகை. மீறினால் உலக ஒழுங்கு குலையும் என்பதால் மீறாமல் விடப்படும் எல்லை அது. 22ஆம் காண்டத்தில் ஜீயஸ் பொன் தராசைத் தூக்குகிறான். அக்கிலீஸோடு மோதும் ட்ராய் இளவரசன் ஹெக்டரின் தட்டு தாழ்கிறது. அந்தக் கணமே அப்பல்லோ தேவன் அவனைக் கைவிட்டுப் போகிறான். தராசு சாவைத் தீர்மானிக்கிறதா, தீர்மானமானதைக் காட்டுகிறதா என்பது ஆய்வாளரிடையே தீராத வழக்கு.

பொறுப்பு யாருடையது

பட்ரோக்ளஸ் சாகும்போது தன்னைக் கொன்றவர்களை வரிசைப்படுத்துகிறான்: ஊழும் அப்பல்லோவும், மனிதரில் யூஃபோர்பஸ், ஹெக்டரே, நீ வந்தது அதற்குப் பிறகுதான். ஆனால் அதே காண்டத்தில், கப்பல்களிலிருந்து பகைவரை விரட்டியதும் திரும்பிவிடு என்ற அக்கிலீஸின் சொல்லைக் கேட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்றும் கவிஞர் சொல்கிறார். அடுத்த மூச்சிலேயே ஜீயஸின் எண்ணமே வலியது என்கிறார். இரண்டும் முரண் என்று அவருக்குத் தோன்றவில்லை. 19ஆம் காண்டத்தில் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னன், அக்கிலீஸை அவமதித்தது நானல்ல, ஜீயஸும் ஊழும் என் புத்தியை மறைத்துவிட்டன என்கிறான். சொன்ன கையோடு இழப்பீட்டுப் பொருள்களையும் தர முன்வருகிறான். விதியைக் காரணம் காட்டலாம், கடனைக் கட்டாமல் இருக்க முடியாது. இ. ஆர். டாட்ஸ் 1951இல் வெளியிட்ட ‘கிரேக்கரும் பகுத்தறிவுக்கு அப்பாற்பட்டதும்’ என்ற பொருள்படும் நூல் அகமெம்னனின் இந்தப் பேச்சிலிருந்துதான் தொடங்குகிறது.

ஹெக்டர்

இலியட்டின் அவல நாயகன் யார் என்று கேட்டால் முதலில் அக்கிலீஸின் பெயர்தான் வரும். ஆனால் அப்பெயருக்கு முழுப் பொருத்தம் ட்ராய் இளவரசன் ஹெக்டருக்கே. ஜேம்ஸ் ரெட்ஃபீல்டு 1975இல் எழுதிய ஆய்வுநூலும் இக்காவியத்தை ஹெக்டரின் அவலமாகவே படிக்கிறது.

6ஆம் காண்டத்தில் மதில் வாயிலில் மனைவி ஆண்ட்ரோமகியிடம், ட்ராய் அழியும் நாள் வரத்தான் போகிறது என்று அவன் வாயாலேயே சொல்கிறான். தலைக்கவசத்தின் குதிரைமயிர்க் குஞ்சத்தைப் பார்த்துக் குழந்தை வீரிட, கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு மகனைத் தூக்குகிறான். இவ்வளவு தெளிந்தவன், ஒரு பகல் வெற்றியில் மதியிழக்கிறான். இரவோடு இரவாக நகருக்குள் திரும்பிவிடலாம் என்று 18ஆம் காண்டத்தில் தோழன் பொலிடாமஸ் சொல்லும் யோசனையைத் தூக்கியெறிகிறான். மறுநாள் படை சிதறுகிறது. மதிலுக்குள் வந்துவிடு என்று தாயும் தந்தையும் கெஞ்சியும் அவன் வெளியே நிற்கக் காரணம் ஊழ் மட்டுமல்ல, வெட்கமும்: தன் பலத்தை நம்பிப் படையை அழித்தான் என்று பிறர் சொல்வார்களே என்பது.

பிறகு அவன் ஓடவும் செய்கிறான், நகரை மூன்று சுற்று. தம்பி டெய்ஃபோபஸ் துணைக்கு வந்துவிட்டான் என்று நம்பித்தான் நிற்கிறான். வீசிய ஈட்டி அக்கிலீஸின் கேடயத்தில் பட்டுத் தெறிக்க, இன்னொன்று கேட்டுத் திரும்பினால் தம்பி இல்லை. வந்தது தேவி ஏதெனாவின் மாயத்தோற்றம். சாவு உறுதி என்பது அங்கேதான் அவனுக்கு உறைக்கிறது. அப்போதும் வாளை உருவிப் பாய்கிறான். அதே நேரம் வீட்டுக்குள், செய்தி அறியாத ஆண்ட்ரோமகி கணவன் குளிக்க வெந்நீர் காய்ச்சச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அக்கிலீஸ்

ஹெக்டருக்குக் கடைசியில் தெரிவது அக்கிலீஸுக்கு முதலிலேயே தெரியும். இங்கே தங்கினால் அழியாப் புகழும் இளவயதுச் சாவும், ஊர் திரும்பினால் புகழற்ற நீண்ட வாழ்வும் என இரண்டு ஊழ்களைத் தாய் தெட்டிஸ் அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். 9ஆம் காண்டத்தில் ஊர் திரும்பவே அவன் மனம் சாய்கிறது. பட்ரோக்ளஸின் சாவு எல்லாவற்றையும் மாற்றுகிறது. ஹெக்டரைக் கொன்றால் அடுத்து நீதான் என்று தாய் எச்சரித்தும் அவன் பின்வாங்குவதில்லை. அவனுடைய குதிரை க்ஸாந்தஸ் மனிதக் குரலில் சாவை அறிவிக்கும்போது, தெரியும், எனக்கெதற்குச் சொல்கிறாய் என்று எரிந்து விழுகிறான். புகழுக்காகவா அவன் சாவைத் தேர்ந்தான் என்றால், முதன்மையாக அதற்காக அல்ல. நண்பனைக் காக்கத் தவறிய குற்றவுணர்வுக்காக.

பிற்காலப் பார்வை

ஹோமரின் மற்றொரு காவியமான ஒடிசி சற்றே கண்டிப்பானது. மனிதர்கள் தம் மூடத்தனத்தால் விதியில் இல்லாத துன்பத்தையும் இழுத்துக்கொண்டு எங்களைப் பழிக்கிறார்கள் என்று ஜீயஸ் தொடக்கத்திலேயே குறைபட்டுக்கொள்கிறான். அவல நாயகனுக்கு இலக்கணம் வகுத்த அரிஸ்டாட்டில் (கி.மு. 4ஆம் நூற்றாண்டு) நாடகத்தை மனத்தில் வைத்தே எழுதினார்; ஆனாலும் நற்பண்பும் குறையும் கலந்தவன், ஒரு பிழையால் வீழ்பவன் என்ற அவரது வரையறை ஹெக்டருக்கு அப்படியே ஒத்துவருகிறது, அக்கிலீஸுக்கு ஓரளவுதான்.

குதிகாலைத் தவிர அக்கிலீஸின் உடலெங்கும் ஆயுதம் துளைக்காது என்ற கதைக்கு ஹோமரிடம் இடமில்லை. அது கி.பி. 1ஆம் நூற்றாண்டில் ரோமானியக் கவிஞர் ஸ்டேஷியஸ் வழியாகவே நமக்குக் கிடைக்கிறது. இலியட்டின் 21ஆம் காண்டத்தில் ட்ராய் தரப்பு வீரன் அஸ்டெரோபயஸ் எறிந்த ஈட்டி அக்கிலீஸின் முன்கையைக் கீறுகிறது, இரத்தம் வருகிறது.