திண்டிவனத்தில் ஓர் இரவு



நம் அனுமந்தை உப்பளங்களுக்கு அதிகத் தொலைவில்லாத திண்டிவனத்தில், 1890-களின் தொடக்கத்தில், ஒரே இரவில் மூன்று கணவன்மார் ஒரு மிஷனெரியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பிரசவ வேதனையிலிருந்த தங்கள் மனைவியரை ஆண் மருத்துவர் தொட அவர்கள் சம்மதிக்கவில்லை. அவ்வீட்டின் மகள் ஐடா ஸ்கடரோ மருத்துவம் கற்றவரல்லர். அம்மூன்று பெண்களும் மரித்தார்கள்.

அமெரிக்காவில் வாழ விரும்பியிருந்த ஐடா 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூருக்கு வந்தார். 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார். 1960-இல் மரிக்கும்வரை அவர் மணம் செய்துகொள்ளவில்லை. ஆயினும் அவர் தனித்து விடப்படவில்லை. ஆனி ஹான்காக், ஜெர்ட்ரூட் டாட் என்னும் தோழியர் அவருடைய ஊழியத்திலும் வாழ்விலும் பங்குகொண்டார்கள்.

நம் சபையிலும் மணமாகாத சகோதரிகள் உண்டு. அவர்களுடைய ஏக்கம் பாவமன்று. "எப்போது கல்யாணம்?" என்னும் நம் கேள்வியே அவர்களுக்குப் பாரம். நானும் அவ்வாறு கேட்டுப் புண்படுத்தியிருக்கிறேன். அவர்கள் ஒவ்வொருவரும் ஐடாவைப்போல் ஆகவேண்டியதில்லை. ஆனால் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் அவர்கள் தனியே உண்ணவேண்டியதுமில்லை. இவ்வாரம் சங்கீதம் 68:6-ஐ வாசியுங்கள். ஒரு சகோதரியை உங்கள் பந்திக்கு அழையுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.