பறவை இறங்குற இடமும் வர்ற வழியும்

ஐப்பசி பிறந்தா நாவலப்பிட்டிப் பக்கத் தோட்டங்களில் விடியலிலும் பொழுதுசாயும் நேரத்திலும் ஒரு குருவி விசிலடிக்கும். ஆறுமணிக்குருவி. அது இந்தியாவிலிருந்து இரவில் கடல் தாண்டி வருவது. அப்படி வரும் பறவைகளுக்கு மன்னார் பெரிய வாசல். நம்ம பூட்டன்மாருக்கும் அதுதான் வாசல்: அங்கே கரையேறி, காட்டுவழியா மாத்தளைக்கு நடந்தார்கள், பசியிலும் காலராவிலும் வழியிலேயே பலர் செத்தார்கள். 1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்தது.

மன்னார் இந்தத் தீவின் மிக வறண்ட கரைகளில் ஒன்று. முள்ளுப் பற்றை, உப்புத்தரவை, பெருக்கமரம். பாலைவனம் மாதிரித் தெரியும். ஆனா மாரி மழைக்குப் பிறகு அந்தத் தரவையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஊசிவால் வாத்தும் பூநாரையும் ஆயிரக்கணக்கில் இறங்கும். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கே ஜிபிஎஸ் கட்டிவிட்ட ஒரு கடற்காகம் ரஷ்யாவின் வடதுருவக் கரை வரை போயிருக்கிறது.

பாதுகாப்பு தாமதமாகத்தான் வந்தது. காட்டு விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் 1937இலேயே இருந்தும், வங்காலை சரணாலயமானது 2008இல், அதுவும் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது. 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பரப்பு 4,839 ஹெக்டேயர்.

சிக்கல் இங்கேதான். சட்டம் பறவை நிற்கும் தண்ணீருக்கு எல்லை போட்டது; வருகிற வானத்துக்குப் போடவில்லை. 2020 டிசம்பரில் சரணாலயத்துக்கு வெளியே, மன்னார்த் தீவின் தென்கரையில் ‘தம்பபவனி’யின் 30 காற்றாலைகள் சுழலத் தொடங்கின. அடுத்து அதானி நிறுவனத்தின் 52. காற்று மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசில்லை; நிலக்கரிப் புகையும் பறவைக்கு நல்லதில்லைதானே. ஆனா தீவின் பறவை வாசலிலேயே அதை நட வேண்டுமா?

2024இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்களில் 1894இல் தொடங்கிய வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் மன்னார் ஆயரும் இருந்தார்கள். வெள்ளமும் மீன்பிடியும் பாதிக்கப்படும் என்பது ஊர்க்காரரின் பயம். கொழும்பிலே இதைப் ‘பறவைக்காரர்களின்’ பிரச்சினை என்று ஒதுக்கியவர்கள் அந்தப் பாதியைக் கவனிக்கவே இல்லை.

2025 பெப்ரவரியில் அதானி விலகியது. பறவைக்காக இல்லை, மின்கட்டணப் பேரம் படியாததால். அதே வருஷம் ஆகஸ்டில் வேறு காற்றாலைகளுக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் மறுபடி ரோட்டில் இறங்கினார்கள். வேலைகளை ஒரு மாதம் நிறுத்திவைப்பதாக அரசு சொன்னது.